பண்டிட்ஜிக்குப் புரியவில்லை

24 ஜனவரி 1968, புதன்

இந்த டைரி ஜவுளிக்கடை முதலாளி கொடுத்தது. ஆண்டுதோறும் கொடுப்பார். நானும் ஆண்டுதோறும் பொங்கலுக்குள் எழுதுவதை நிறுத்திவிட்டு, மீதிப் பக்கங்களை என் மனைவி ரெங்கம்மாவின் பால் கணக்குக்குக் கொடுத்துவிடுவேன். இந்த ஆண்டு தொடங்கவே இல்லை. இன்று தொடங்கக் காரணம், எனக்கு வேலை போய்விட்டது போலிருக்கிறது.

நேற்று சட்டசபையில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. இனிப் பள்ளிக்கூடங்களில் தமிழும் இங்கிலீஷும் மட்டும்தான். இந்தி கிடையாது. பரமக்குடி முழுக்க ஒரே பட்டாசு. எங்கள் பள்ளியின் ஒரே இந்தி பண்டிட்டாகிய நீலமேகம் என்னும் நான் கடைத்தெரு வழியாக வந்துகொண்டிருந்தபோது, பழைய மாணவன் ஒருவன் ஓடிவந்து கையில் லட்டைத் திணித்தான். "இந்தி ஒழிஞ்சுபோச்சு சார், இனிப்பு எடுத்துக்குங்க!" வாங்கித் தின்றேன். முந்திரி போட்டிருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து ரெங்கம்மாவிடம் சொன்னேன். "நல்ல கூத்து. நமக்கு ஒண்ணு வாங்கிட்டு வரக்கூடாதா?" என்றாள்.

26 ஜனவரி

குடியரசு தினம். பள்ளியில் கொடியேற்றினோம். வழக்கமாக இந்தியில் ஒரு பாட்டு நான் சொல்லிக்கொடுத்துப் பாடவைப்பேன். இன்று தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார், நான் கொடிக்கம்பத்தைப் பார்த்தேன். மிட்டாய் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். தெருவில் தமிழ். வயிற்றுப் பிழைப்புக்கு இந்தி. சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுவது இங்கிலீஷில். இந்த டைரியைத் தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் வீட்டுப் பாஷையை எழுத எனக்குத் தெரியாது. அதற்குத் தனி எழுத்து உண்டு என்கிறார்கள். நான் பார்த்ததில்லை. ஆகவே ரெங்கம்மா இந்தப் பக்கங்களில் தமிழில் பேசினால், அது என் மொழிபெயர்ப்பு என்று கொள்க. உண்மையில் இதைவிடக் காரமாகப் பேசுவாள்.

28 ஜனவரி, ஞாயிறு

காலையில் செவ்வேள் ஐந்தாறு பேரோடு தார் டின்னும் மட்டையுமாக வந்துவிட்டான். என்னிடம் இந்தி படித்த காலத்தில் அவன் பெயர் சுப்பிரமணியன். இந்தியில் எப்போதும் முதல் மதிப்பெண். இப்போது மதுரையில் கல்லூரிப் படிப்பு, மாணவர் தலைவர்.

"சார், போர்டு எங்க?" என்றான்.

'இந்தி கற்பிக்கப்படும்' என்று வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் பெரிய கலவரம் நடந்தபோதே கழற்றிவிட்டேன். இப்போது அது குளியலறைத் தொட்டிக்கு மூடி. அதைச் சொன்னேன்.

"எடுத்துத் தாங்களேன் சார். இவங்கள எல்லாம் கூட்டிட்டு வந்துட்டேன். சும்மா திரும்பிப் போனா நல்லாருக்காது."

அவன் சொல்வதும் நியாயம்தான். எடுத்துவந்தேன். ஈரப் பலகையில் தார் ஒட்டாது என்பதால் துண்டால் துடைத்தும் கொடுத்தேன். சாய்த்துவைக்க இடம் இல்லை, நானே பிடித்துக்கொண்டேன். செவ்வேள் பூசினான். "கொஞ்சம் தள்ளிப் பிடிங்க சார், வேட்டியில பட்டுறப்போகுது." முடித்ததும் எல்லாரும் கோஷம் போட்டார்கள். செவ்வேள் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனான். மரியாதை தெரிந்த பையன்.

ரெங்கம்மாவுக்குத்தான் கோபம். குளிக்கிற தண்ணீரெல்லாம் தார் நாற்றமாம்.

30 ஜனவரி

தலைமையாசிரியர் கூப்பிட்டார். இந்த ஆண்டு முடியும்வரை சம்பளம் உண்டு, அதற்கப்புறம் என்ன என்று மேலிடத்திலிருந்து தகவல் இல்லை என்றார். பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்து முகம் மலர்ந்தது.

"நீங்க நெசவுக்காரங்கதானே பண்டிட்ஜி? கைத்தொழில் வாத்தியார் ரிட்டயர் ஆகுறாரு. நீங்க பாத்துக்கங்களேன்!"

அப்பா தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டே காலத்தைக் கழித்தவர். அந்தக் குழிக்குள் இறங்கக்கூடாது என்றுதான் நான் இந்தி படித்தேன். அந்தக் காலத்தில் இந்தி படித்தால் நாடு முழுக்க வேலை கிடைக்கும் என்றார்கள். எனக்கு வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி வேலை கிடைத்தது. இன்னொன்று, எனக்கு நெசவு வராது. நான் நெய்த ஒரே துண்டை அப்பா யாருக்கும் காட்டாமல் அடுப்படியில் கரித்துணியாக்கிவிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

3 பிப்ரவரி, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

மத்தியானம் சாப்பிட உட்காரும்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. டாக்டர் அருளானந்தம் உடனே வரச் சொன்னாராம். ராமேஸ்வரம் போய்விட்டுத் திரும்புகிற வடக்கத்தி தம்பதி. ரயிலிலேயே புருஷனுக்கு வயிற்றுவலி வந்து, இங்கே இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

"குடல்வால் பண்டிட்ஜி. வெடிச்சிருச்சுன்னா ஆள் தேறாது. இன்னிக்கே அறுக்கணும். அவருக்கு நினைவு சரியா இல்ல. அந்தம்மா கைநாட்டு வைக்கமாட்டேங்குது, கட்டிலையும் விடமாட்டேங்குது. நாங்க சொல்றது அதுக்குப் புரியல, அது சொல்றது எங்களுக்குப் புரியல. நீங்க பேசுங்க, நான் தயார் பண்றேன்" என்று டாக்டர் உள்ளே போய்விட்டார்.

டைரிதானே, சொல்லிவிடுகிறேன். நான் இந்தி பேசுகிற ஒருவரிடம் இதுவரை இந்தி பேசியதே இல்லை. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் திருநெல்வேலிக்காரர். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் கும்பகோணம். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. இத்தனை ஆண்டு படித்ததெல்லாம் இந்த ஒரு நாளுக்குத்தான் என்று தோன்றியது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வார்டுக்குள் போனேன்.

அவள் கட்டிலின் காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். முக்காட்டுக்குள் முகம் வீங்கியிருந்தது. நான் கைகூப்பி, பிழையில்லாத இந்தியில் சொன்னேன். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "தேவி, தங்கள் பதியின் உதரத்தில் சல்லியக்கிரியை அவசியமாகிறது. தாங்கள் சம்மதம் அருள வேண்டும்."

கோயிலில் மந்திரம் ஓதும்போது நம் ஜனங்கள் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். மரியாதையாக, ஒன்றும் புரியாமல். பிறகு மடை திறந்ததுபோல் பேசினாள். பத்துச் சொல்லில் ஒன்று பிடிபட்டது. இலக்கணத்தை எளிமையாக்கிப் பார்த்தேன். சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ஆறாம் வகுப்புக்குச் சொல்வதுபோல் பிரித்துப் பிரித்துச் சொன்னேன். அவள் கட்டிலை இன்னும் இறுக்கிக்கொண்டாள். கட்டிலில் அந்த மனிதன் முனகினான். உதடு வெளுத்திருந்தது. என் கண்முன்னே ஒரு மனிதன் சாகப்போகிறான், நான் வினைச்சொல்லை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் நான் பேசியது இந்தியே இல்லை. பதற்றத்தில் வீட்டுப் பாஷை வந்துவிட்டது. "அடி பைத்தியமே, அழாதே! அறுத்தா சாகமாட்டான்டி, அறுக்காட்டித்தான் செத்துப்போவான்! இங்க பாரு, என்னைப் பாரு!" என்று கத்தியபடி சட்டையையும் பனியனையும் தூக்கி, மதுரையில் எனக்குக் குடல்வால் எடுத்த தழும்பைக் காட்டினேன். அதன்மேல் விரலால் கத்திபோல் கீறிக் காட்டினேன். தைத்துக் காட்டினேன். உயிரோடுதான் இருக்கிறேன் என்பதற்கு ரெண்டு குதி குதித்தேன். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது.

அவள் கிட்டே வந்தாள். தழும்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி தொப்பையைப் பார்த்தாள். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. கட்டை விரலை நீட்டினாள்.

டாக்டர் வெளியே வந்து எல்லாரிடமும் சொன்னார்: "நம்ம பண்டிட்ஜி இந்தியில பேசி ஒத்துக்க வச்சுட்டாரு." நான் சட்டையை உள்ளே செருகிக்கொண்டிருந்தேன். மறுக்கவில்லை.

4 பிப்ரவரி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கடைத்தெருவில் ஆளுக்கு ஆள் விசாரிக்கிறார்கள். காப்பிக் கடையில் என்னிடம் காசு வாங்கவில்லை. நாள் முழுக்க இரண்டு கடையில் காப்பி குடித்தேன்.

6 பிப்ரவரி

ரெங்கம்மா தினமும் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோகிறாள். அந்தப் பெண்ணின் பெயர் ஜானகியாம். எப்படித் தெரிந்தது என்றேன். "நெஞ்சைத் தொட்டு என் பேரைச் சொன்னேன், அவளும் சொன்னா. இதுக்கெல்லாமா பரீட்சை எழுதணும்?" என்றாள்.

சாயங்காலம் நானும் போனேன். புருஷன் லகன் மண்டலுக்கு நல்ல நினைவு. தன்பாத் சுரங்கத்தில் வேலை பார்த்தபோது கற்ற இந்தி இருக்கிறது. மெதுவாகப் பேசினால் எனக்கும் புரிகிறது. உன் மனைவியின் இந்தி எனக்குக் கொஞ்சம் கடினமாக இருந்தது என்று மனசை விட்டுச் சொல்ல நினைத்து, அவசரத்தில் 'உன் மனைவி' என்பதற்குப் பதில் 'என் மனைவி' என்று சொல்லித் தொலைத்தேன். அவன் பெரிய மனசு பண்ணி அதைக் கடந்துபோனான்.

"அவளுக்கு இந்தி தெரியாது பண்டிட்ஜி. நாங்க பேசுறது மைதிலி."

மைதிலி என்றால் நமக்குப் பெண் பெயர் அல்லவா. "நல்ல பெயர், ஜானகிதான் என்றல்லவா நினைத்தேன்" என்றேன். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தான். மைதிலி அவர்கள் பாஷையாம். இந்தி அவர்களுக்கும் பள்ளிக்கூடத்திலும் கோர்ட்டுக் கச்சேரியிலும் இருப்பதுதான். மைதிலிக்கும் தனி எழுத்து உண்டாம். அவனும் பார்த்ததில்லையாம்.

"மக்கள் கணக்கு எடுக்க வந்தவர் எங்களைக் கேக்கவே இல்ல. இந்தின்னு எழுதிட்டுப் போயிட்டார்" என்றான்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் கேட்டார். நான்தான் தமிழ் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். சௌராஷ்டிரம் என்று எழுத அவர் கஷ்டப்படுவாரே என்று.

7 பிப்ரவரி

வக்கீல் தீனதயாளன் வீடு தேடி வந்தார். இந்தி வளர்ச்சி மன்றத்தின் செயலாளர். இதுவரை வழியில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பவர், இன்று பாயில் உட்கார்ந்து காப்பி குடித்தார்.

"சட்டசபையில நம்மள ஒழிச்சுட்டாங்க பண்டிட்ஜி. ஆனா பாருங்க, அதுக்கப்புறம் ரெண்டு வாரத்துக்குள்ள நம்ம ஊர்லயே இந்தி ஒரு உயிரக் காப்பாத்தியிருக்கு! ஞாயித்துக்கிழமை உங்களுக்குப் பாராட்டு விழா. மதுரையிலேருந்து பெரியவங்க வர்றாங்க. அந்தம்மாவையும் மேடை ஏத்துறோம். நாலு வார்த்தை பேசட்டும், நீங்க தமிழ்ல சொல்லுங்க."

குரலைத் தாழ்த்திக்கொண்டார். மன்றத்தின் மதுரைக் கிளைக்கு முழுநேரத் தலைமை ஆசிரியர் தேவையாம். விழா நன்றாக நடந்தால் வந்தவர்கள் அங்கேயே அறிவித்துவிடுவார்களாம்.

அவர் போனபின் ரெங்கம்மா கேட்டாள்: "அவ பேசுறது இந்தி இல்லன்னு சொல்லிட்டீங்களா?"

"சந்தர்ப்பம் வரல."

"வாய் இருந்துச்சுல்ல?"

காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

8 பிப்ரவரி

தலைமையாசிரியர் கைத்தொழில் அறையைச் சுற்றிக் காட்டினார். மூலையில் ஒரு தறி. என்னை அடையாளம் கண்டுகொண்டதுபோல் நின்றது.

10 பிப்ரவரி

வக்கீல் ஒரு தாளில் எழுதியே கொடுத்துவிட்டார். அந்தம்மா எதைப் பேசினாலும் நான் சொல்லவேண்டியது: 'அந்நிய ஊரில் என் தாலியைக் காத்தது என் தாய்மொழி இந்தி. பாரத தேசத்தை இணைப்பது இந்தி.' மனப்பாடம் பண்ணிவிட்டேன். 'தாலி' என்னும் இடத்தில் குரல் தழுதழுக்கவேண்டும் என்று அடைப்புக்குறிக்குள் குறிப்பு வேறு.

இது பொய் ஆகாது என்பதே என் தீர்மானமான எண்ணம். மொழிபெயர்ப்பில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். மேலும் அவள் நன்றி சொல்லத்தான் போகிறாள். நன்றி யாருக்கு என்பது சின்ன விஷயம்.

கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் தடவை எனக்கே கண்ணில் நீர் வந்தது. ரெங்கம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அவள் ஒன்றும் சொல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை.

11 பிப்ரவரி, ஞாயிறு

விழா முடிந்தது. நானும் முடிந்தேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. மதுரைப் பெரியவர்கள் முன்வரிசையில். கடைசி வரிசையில் செவ்வேளும் கூட்டாளிகளும், கூச்சல் போட வந்தவர்கள். எனக்கு மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். ஜானகியை ரெங்கம்மா கைபிடித்து அழைத்துவந்து மேடையில் நிறுத்தினாள். லகன் இன்னும் எழுந்து நடக்கக்கூடாது, வார்டிலேயே இருந்தான்.

வக்கீல் மைக்கை அவள் முன் தாழ்த்தினார். ஜானகி முக்காட்டைச் சற்றே விலக்கி, அந்த இடம் முழுவதையும் ஒருதரம் கண்ணால் துழாவினாள். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பேசினாள். நீளமாகப் பேசவில்லை. குரல் மட்டும் போகப் போக உயர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் கைகூப்பி நின்றாள். வக்கீல் முதலில் எழுந்தார். அவரைப் பார்த்து முன்வரிசை எழுந்தது. அப்புறம் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. மாலையும் கழுத்துமாக நானும் தட்டினேன்.

"பண்டிட்ஜி, தமிழ்ல சொல்லுங்க" என்றார் வக்கீல்.

"இந்த அம்மையார் என்ன சொல்கிறார் என்றால்..." என்று ஆரம்பித்தேன். தாலி தொண்டைவரை வந்துவிட்டது. ஜானகி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் கேட்டது ஒரு கேள்வி என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது. பதிலுக்காகக் காத்திருந்தாள். அத்தனை பேர் கைதட்டியும் அவளுக்குப் பதில் வந்து சேரவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பியிருந்தாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. வேறு சொல் இல்லை.

"எனக்குப் புரியவில்லை" என்றேன். மைக்கில் அது பெரிதாகக் கேட்டது.

வக்கீல் என் சட்டையை இழுத்தார். "என்ன உளர்றீங்க, தாளப் பாத்துப் படிங்க."

"இவங்க பேசுறது இந்தி இல்ல. இவங்களுக்கு இந்தி தெரியாது. அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் பேசின இந்தியும் இவங்களுக்குப் புரியல. சட்டையத் தூக்கித் தழும்பக் காட்டித்தான் ஒத்துக்க வச்சேன். டாக்டருக்கு அது தெரியாது, நானும் சொல்லல."

கடைசி வரிசையில் செவ்வேள் பெஞ்சுமேல் ஏறிக் கைதட்டினான். "கேட்டுக்குங்க! அவங்களுக்கே இந்தி தெரியாதாம்! நம்ம சொன்னது சரியாப்போச்சா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "சுப்பிரமணி, உக்காருடா! உனக்கு மட்டும் என்ன புரிஞ்சுச்சு? அவங்க என்ன கேட்டாங்கன்னு சொல்லு பாப்போம்!"

உட்கார்ந்துவிட்டான். மதுரைப் பெரியவர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். நன்றியுரை ரத்தாகிவிட்டது.

வெளியே வந்ததும் ரெங்கம்மா என் கழுத்து மாலையை எடுத்து, பூவைக் கிள்ளி ஜானகி தலையில் வைத்துவிட்டாள். எனக்கு இரவில் ரெண்டு கரண்டி ரசம் கூட ஊற்றினாள். கல்யாணமான நாளாக இது நடந்ததில்லை.

12 பிப்ரவரி

மதுரை வேலை இல்லை. வக்கீல் பொன்னாடையைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினார். மடித்துக் கொடுத்தாள் ரெங்கம்மா.

13 பிப்ரவரி

செவ்வேள் வந்தான். அவர்கள் கூட்டத்தில் நான் பேசவேண்டுமாம், முந்தாநாள் சொன்னதை அப்படியே. பொன்னாடை உண்டாம். "மாட்டேன்டா" என்றேன். "ஏன் சார்?" என்றான். "அந்தப் பொண்ணு என்ன கேட்டாள்னு இன்னும் எனக்குத் தெரியாது. அது தெரியாம எந்த மேடையிலயும் அவளப் பத்திப் பேசமாட்டேன்." "எனக்கும் ராத்திரி பூரா அதான் சார் உறுத்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தலைமையாசிரியரிடம் கைத்தொழில் வகுப்புக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். தறி நெய்கிற என் மச்சினர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். சிரிக்கட்டும். பிள்ளைகள் நெய்யும் துண்டு என் துண்டைவிட மோசமாக இருக்க வழியில்லை.

14 பிப்ரவரி

லகனை இன்று அனுப்பிவிட்டார்கள். ராத்திரி தங்க வீட்டுக்குக் கூட்டிவந்தோம், நாளைக் காலை ரயில். ரெங்கம்மாவும் ஜானகியும் அடுப்படியில் அவரவர் பாஷையில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பேசி முடிப்பதற்கு முன்னே மற்றவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் லகனிடம் மெதுவாக விஷயத்தை எடுத்தேன். மேடையில் ஜானகி என்ன கேட்டாள்? அவனுக்கும் தெரியவில்லை. அவளைக் கூப்பிட்டுக் கேட்டான். அவள் வெட்கப்பட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டாள். திரும்பத் திரும்பக் கேட்டதும் அடுப்படி வாசலில் நின்றபடி சொன்னாள். அவன் முகம் மாறிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டே எனக்கு இந்தியில் சொன்னான். நிதானமான, எளிய இந்தி. எனக்கு எல்லாம் புரிந்தது.

"இத்தனை ஜனங்க இருக்கீங்களே, என் பேச்சு தெரிஞ்ச ஒரு பொம்பளையாவது இங்க இருக்கீங்களாம்மா? இருந்தா கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க, உங்க முகத்தப் பாத்துக்கிறேன்."

நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றோம். கை வலிக்க வலிக்கத் தட்டினோம்.